தனி வலையமைப்பு

ஒரு நிறுவனம் தன் கணிப்பொறிகளை மட்டும் ஒன்றோடொன்று பிணைத்துச் செய்திகளைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பே தனி வலையமைப்பு எனப்படும். இதன் பயனை இந்திய இரயில்வேயிற் காணலாம்.

முன்னாளில் இருக்கைப் பதிவுகள் ஏடுகளில் எழுதப்பட்டன. வெளியூரிலிருந்து திரும்பிவர இருக்கை வேண்டுவோர், அவ்வூருக்குத் தந்தியனுப்பி விடைக்குக் காத்திருந்தனர். 1980-களில் கணிப்பொறிப் பதிவு தொடங்கிற்று. 1999-இல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து நடுவங்களின் கணிப்பொறிகளும் ஒரே வலையமைப்பாயின. அதன்பின், தில்லியிலிருந்து திரும்பும் இருக்கையையும் பயணி சென்னையிலேயே பெறலானார். ஓரிடத்தில் இருக்கை பதிவானதும், அது காலியன்று என்பதை ஏனைய இடங்களும் உடனே அறிந்தன.

இத்தகைய வலையமைப்பினுள் புகுவதற்குப் பணியாளரின் கடவுச்சொல்லே திறவுகோல். அதனைப் பிறர்க்கு வெளியிட்டால், வேலியிருந்தும் பயிர் காவாது. தக்கவரோடு பகிர்தலும் அல்லாரிடமிருந்து காத்தலும் ஒருங்கே வேண்டுவனவாம்.