சிறு நிலத்தில் உலர்புல் தயாரித்தல்

கோடையில் கால்நடைத் தீவனம் கிடைப்பது அரிதென்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். பங்குனி பிறந்ததும் வைக்கோல் விலை ஏறுகிறது. கறவை மாட்டின் பால் குறைகிறது. சிலர் நல்ல மாட்டையும் குறைந்த கிரயத்திற்கு விற்றுவிட நேரிடுகிறது. மழைக்காலத்தில் மிகுந்து கிடைக்கும் புல்லைப் பக்குவமாய் உலர்த்திச் சேமிப்பின் இத்துன்பம் பெரிதும் நீங்கும். அதற்குப் பெரிய நிலமோ, விலையுயர்ந்த யந்திரமோ வேண்டுவதில்லை.

புதுவை நகரின் வடபால் உள்ள கோரிமேட்டில் இன்று ஜிப்மர் மருத்துவமனையும் குடியிருப்புகளும் பெருகியிருக்கின்றன. இதனைச் சூழ்ந்த மேட்டுப் பகுதிகளில் சிறு துண்டு நிலம் உடையோர்க்கு இம்முறை ஏற்றது.

வைக்கோலும் உலர்புல்லும்

இவ்விரண்டும் ஒன்றென எண்ணலாகாது. வைக்கோல், மணி முற்றியபின் எஞ்சும் தாள். அதில் புரதம் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்கே உண்டு. உலர்புல்லோ, பூக்கும் பருவத்தில் பசுமையாக அறுத்து உலர்த்தியது. புல் வகைகளில் புரதம் ஏறக்குறைய இருமடங்கும், முயல்மசால், தட்டைப்பயறு முதலிய பயறுவகைகளில் அதனினும் மிகுதியும் இருக்கும். ஆனால் முற்றவிட்டு அறுத்த புல், வைக்கோலுக்கு ஒப்பாகிவிடும்.

மேட்டு நிலத்திற்குக் கொழுக்கட்டைப்புல் சிறந்தது. காங்கேயம் பகுதியில் கொறங்காடு எனப்படும் வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களில் வறட்சியைத் தாங்கி நிற்பது இப்புல்லே. இத்துடன் முயல்மசாலைக் கலந்து விதைக்கலாம்.

அறுக்கும் காலம்

இவ்வட்டாரத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. புல் செழிக்கும் அம்மாதங்களில் வெயில் நிலையாக இராது. ஆதலால் கார்த்திகையில் ஒருமுறை அறுத்துப் பசுமையாகவே மாட்டிற்கு இடுக. அதன்பின் துளிர்த்து வளர்வது தை மாதத்தில் பூவெடுக்கும். அதையே உலர்த்துதல் வேண்டும். பாதிக் கதிர்கள் பூத்தநிலையே அறுப்பதற்கு உரிய தருணம்.

சோளத்தட்டையை உலர்த்துவோர் பூப்பதற்கு முன் அறுத்தலாகாது. இளஞ்சோளத்தில் மாட்டைக் கொல்லவல்ல நஞ்சு உண்டு.

கருவிகள்

அரை ஏக்கருக்குக் கருக்கரிவாளே போதும். ஆள் கிடைக்காதவிடத்துத் தோளில் தொங்கவிட்டு வெட்டும் யந்திரத்தைப் பழையதாக வாங்கலாம். வாங்குமுன் கவனிக்க வேண்டியவை: யந்திரம் குளிர்ந்திருக்கும்போது நம் கண்முன்னே கிளப்பிக் காட்டச் சொல்லுக, சூடேற்றி வைத்திருந்தால் அதன் குறை தெரியாது. அலகு பொருந்தும் தலைப்பகுதியைக் கையால் அசைத்துப் பார்க்க, ஆட்டம் இருத்தல் கூடாது. அலகின் காப்புத்தகடு இல்லாத யந்திரத்தை எவ்வளவு மலிவாயினும் தள்ளுக. உதிரிப்பாகம் அருகிலுள்ள கடையில் கிடைக்குமா என்பதையும் விசாரித்தறிக. வெட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்கு மூடிய செருப்பும் அவசியம்.

கட்டுவதற்கு, மேலும் கீழும் திறந்த மரப்பெட்டி ஒன்று போதும். பழைய பலகைகளைக் கொண்டு மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் செய்துகொள்ளலாம். இரு கயிறுகளைக் குறுக்கே இட்டு, புல்லை நிரப்பி மிதித்து இறுக்கி முடிந்து, பெட்டியை மேலே தூக்கிவிட்டால் கட்டு ஆயத்தமாகும். முதற்கட்டுகள் சிலவற்றை நிறுத்துப் பார்த்தால், பின்னர் எண்ணிக்கையைக் கொண்டே இருப்பை அறியலாம்.

உலர்த்தும் முறை

தையில் பனி மிகுதி. பனி உலர்ந்தபின் அறுத்து மெல்லியதாகப் பரப்புக. இரண்டு மூன்று மணிக்கொருமுறை புரட்டுக. மாலையில் சிறு குவியல்களாகச் சேர்த்து, மறுநாள் பனி நீங்கியபின் மீண்டும் பரப்புக. இரண்டு மூன்று நாட்களில் காய்ந்துவிடும். பயறுவகையின் இலை நண்பகலில் நொறுங்கி உதிருமாதலால், அதனைக் காலையிலேயே புரட்டுதல் வேண்டும். இலை போயின் சத்தும் போயிற்று.

நூறு கிலோ பசும்புல்லில் எழுபத்தைந்து கிலோ நீர் இருப்பின், பதினைந்து விழுக்காடு ஈரம் நிற்கும்வரை உலர்த்தினால் ஏறக்குறைய 29 கிலோ உலர்புல் தேறும். நாளொன்றுக்கு நாலரைக் கிலோ வீதம் ஒரு பசுவுக்கு 120 நாட்களுக்கு 540 கிலோ வேண்டும். அதற்குச் சற்றேறக்குறைய 1,850 கிலோ பசும்புல் தேவை. இக்கணக்கை முன்னரே போட்டுக்கொண்டு விதைப்பின் குறை நேராது.

ஈரத்தைச் சோதித்தல்

ஈரத்தோடு கட்டிய புல் பூஞ்சணம் பிடிக்கும். அப்பூஞ்சணத்தின் நஞ்சு பாலிலும் இறங்கக்கூடும். அன்றியும் போரின் உள்ளே சூடேறித் தானே தீப்பற்றுவதும் உண்டு. சோதனை எளிது. நன்கு உலர்ந்த கண்ணாடிச் சாடியில் நறுக்கிய புல்லையும் ஒரு கரண்டி காய்ந்த உப்பையும் இட்டு மூடிச் சில நிமிஷம் குலுக்குக. உப்பு உதிரியாக நின்றால் கட்டலாம். கட்டிபட்டாலோ புல்லில் ஒட்டினாலோ மேலும் ஒருநாள் உலர்த்துக.

கட்டுகளை நிலத்தில் வைக்காமல், மரக்கட்டைகளின் மேல் கூரையின் கீழ் அடுக்குக. முதல் மூன்று வாரம் இரும்புக் கம்பி ஒன்றைப் போரினுள் செருகி வைத்து, நாள்தோறும் உருவித் தொட்டுப் பார்த்தல் நலம். வெறுங்கையால் பிடிக்க இயலாத சூடு இருப்பின் போரைப் பிரிக்க வேண்டும். அப்போது நெருப்பு மூளக்கூடுமாதலால், தண்ணீரையும் துணையாட்களையும் அருகில் வைத்துக்கொண்டே பிரித்தல் வேண்டும். போர் வீட்டிற்கும் தொழுவத்திற்கும் விலகியே இருத்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

தனித்தனியே யந்திரம் வாங்க இயலாதோர் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, முறைவைத்து உபயோகிக்கும்படி கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்யலாம். புல் விதை, சாகுபடி பற்றிய யோசனைகளைக் குரும்பாபேட்டில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம். தையில் செய்யும் நாலு நாள் வேலை, சித்திரையில் மாட்டை விற்காமல் காக்கும்.