வேடமல்ல, வாழ்க்கை

மாசியில் காமன் கூத்து நடக்கும்போது ஆண்பிள்ளை ரதியாக வந்தால் நாம் கைகூப்பிக் கும்பிடுகிறோம். கூத்து முடிந்ததும் அவர் வேடத்தைக் கலைத்துவிடுவார். ஆனால் ஆண் என்று பதிந்த ஒரு பிள்ளை, "நான் பொம்பளப்புள்ள" என்று மனசார உணர்ந்தால் அது வேடமல்ல. வளர்ப்புக் குறையுமல்ல, செய்வினையுமல்ல. 2019இல் உலக சுகாதார தாபனமும் இதை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

"நாலு அடி போட்டா சரியாகிடும்" என்பார்கள் சிலர். அடித்தால் உணர்வு மாறாது. பிள்ளைதான் படிப்பையும் வீட்டையும் விட்டு ஓடும். பிரட்டுக்களத்தில், பீலிக்கரையில் "ஒம்பது" என்று கேலி செய்வதும் அடிதான். 'திருநங்கை' என்போம். பெண் என்று பதிந்து ஆணாக உணர்பவரைத் 'திருநம்பி' என்போம்.

சட்டத்திலும் வழியுண்டு. இலங்கையில் 2016 முதல், மனநல வைத்திய நிபுணரிடம் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் திருத்தலாம். பிறகு அடையாள அட்டையையும் மாற்றலாம்.

பெற்றோரே, ஊர் என்ன சொல்லும் என்று பயந்து பெத்த புள்ளையைக் கைவிடாதீர்கள். லயத்துச் சனங்களே, அந்தக் குடும்பத்துக்கு நாம்தானே ஊர்! நல்லதாக நாலு வார்த்தை சொல்லுவோம்.