நீண்ட நோய்க்கு நீண்ட தர்மம்

சுவர்ணமுகி நதிக்கரையில் காளஹஸ்தீசுவரரைத் தரிசித்தவர்கள், கோயிலை ஒட்டிய குன்றின்மேல் எழுந்தருளியிருக்கும் கண்ணப்பரையும் வணங்கி, இறைவன் கண்ணில் உதிரம் பெருகக் கண்டு தம் கண்ணையே பெயர்த்து அப்பிய அந்த வேடரின் அன்பை எண்ணி உருகுவது வழக்கம். அந்த உருக்கத்தில் ஒரு பங்கு, பிறர் வீசிய அமிலத்தால் முகமும் கண்ணும் வெந்துபோன பெண்களின்பாலும் செல்லுமாயின் எவ்வளவு நன்றாயிருக்கும்!

அமிலம் தோலோடு நிற்பதன்று. உடனே ஏராளமான தண்ணீர் விட்டு அலம்பாவிடில் உள்ளே சதையையும் அரித்துச் செல்லும். புண் ஆறிய பின்னரும் தழும்பு நாளுக்கு நாள் சுருங்கி, மோவாயைக் கழுத்தோடு இழுத்துப் பிடிக்கிறது. இமைகளை மூடவொட்டாமல் செய்து கருவிழியை வறட்டுகிறது. ஆகவே சத்திரசிகிச்சை ஒன்றிரண்டோடு முடியாமல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

கருவிழியின் விளிம்பிலுள்ள மூல உயிரணுக்கள் அழிந்துவிட்டால், இறந்தவர் தானம் செய்த கருவிழியை வைத்துத் தைத்தாலும் அது தெளிவாக நிலைப்பது அரிது. இதற்கு ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தில் டாக்டர் வீரேந்திர சங்வானும் அவர் சகாக்களும் கண்டு 2012-இல் வெளியிட்ட முறை வியக்கத்தக்கது: நோயாளியின் நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து இம்மியளவு திசுவை எடுத்து, சிறு துணுக்குகளாக்கி, கெட்ட கண்ணின்மேல் பரப்பிய பனிக்குடச் சவ்வில் ஒட்டிவிடுகிறார்கள். வேடர் அன்பினால் செய்ததை வைத்தியர் சாஸ்திரமாக்கினார் என்றால் பக்தர்கள் என்னைக் கோபிக்க மாட்டார்கள். வறியவர்க்குக் கட்டணமின்றி வைத்தியம் பார்ப்பதும் அந்த நிலையத்தின் நியமம்.

அமில வீச்சுக்கு ஆளான லட்சுமி அகர்வால் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில், பாதிக்கப்பட்டவருக்குக் குறைந்தது 3 லட்ச ரூபாய் தரவேண்டும், அதில் 1 லட்சத்தைச் செய்தி எட்டிய 15 நாட்களுக்குள் தரவேண்டும் என்று விதித்தது. தனியார் மருத்துவமனைகளும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கவேண்டும் என்று 2015-இல் வற்புறுத்தியது. ஆனால் துணைக்கு வரும் தாயின் கூலி இழப்பையும், பஸ் செலவையும், தழும்பை அமுக்கிவைக்கும் இறுக்க உடையையும், தெருவில் இறங்கக் கூசும் மனத்தையும் எந்தத் தீர்ப்பு முழுவதும் ஈடுசெய்யும்? கொடையாளிகளின் இரக்கமோ, பத்திரிகையில் படம் வந்த வாரத்தோடு வடிந்துவிடுகிறது. கோயிலில் நந்தாவிளக்கு எரிய நிலமும் ஆடும் எழுதிவைத்த நம் முன்னோர், தர்மத்துக்குத் தொடர்ச்சியே உயிர் என்பதை நம்மினும் நன்கறிந்திருந்தனர்.

ஆக்ராவில் 2014 டிசம்பர் முதல், அமில வீச்சுக்கு ஆளான பெண்களே 'ஷீரோஸ்' என்னும் சிற்றுண்டிச்சாலையை நடத்துகிறார்கள்; முகத்தை மறைக்காமல் அவர்கள் பரிமாறும் தேநீருக்கு வெளிநாட்டார் உட்படப் பலரும் வருகின்றனர். இத்தகைய பிழைப்புக்கு முதல் தருவது மருந்துக்குத் தருவதினும் குறைந்த புண்ணியமன்று. பக்கத்துத் திருப்பதியில் தேவஸ்தானத்தின் பிராணதான அறக்கட்டளை இதயம், சிறுநீரகம் முதலிய கொடிய நோயுற்ற ஏழைகளுக்காக அன்பர்களின் காணிக்கையைத் திரட்டுகிறது. அதைப்போலவே, அமிலத்தால் வெந்தவர்களுக்கு மாதந்தோறும், இறுதிச் சிகிச்சை முடியும்வரை, ஒரு தொகை போய்ச் சேரும்படியாகக் காளஹஸ்தியிலும் ஒரு கட்டளை ஏற்படுத்த வசதியுள்ளவர்கள் முன்வரலாம்.