திருத்தம் தந்த இருக்கை

நுழையும்முன்

வாக்களிக்கும் உரிமை வயது வந்தோர் அனைவர்க்கும் உண்டு. ஆனால், முடிவெடுக்கும் மன்றத்தில் அமரும் வாய்ப்பு அனைவர்க்கும் கிட்டியதா? ஏட்டில் இருந்த உரிமை நம் தெருவை வந்தடைய அரசியலமைப்புத் திருத்தம் வழிகோலியதை இப்பாடம் விளக்குகிறது.

சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் அருகருகே அமைந்துள்ளன. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆயிற்று. பூவிருந்தவல்லி நகராட்சியாக விளங்குகிறது. இவ்வூர்களின் தெருவிளக்கு, சாலை, துப்புரவு குறித்து அவற்றின் உள்ளாட்சி மன்றங்களே முடிவெடுக்கின்றன. அம்மன்றங்களில் யாருடைய குரல் ஒலிக்கிறது என்பது குடிமை உரிமை சார்ந்த வினாவாகும்.

மன்றத்தின் வாயில்

உள்ளாட்சி தமிழர்க்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டுக் குடவோலை முறையில் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எனினும், கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடையவர் பெயரே குடத்தில் இடப்பட்டது. நிலமற்றவர்க்கு அதில் இடமில்லை.

1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு இத்தகைய தடைகளை அகற்றியது. சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்றது. பெண்களுக்காகச் சிறப்பு ஏற்பாடுகள் செய்யவும் 15(3) உறுப்பின்வழி இடமளித்தது. ஆனால், நகர உள்ளாட்சிகளுக்கு அதில் உறுதியான பாதுகாப்பு இல்லை. 1973-இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றத்துக்கு 1996-இல்தான் மீண்டும் தேர்தல் நடைபெற்றது.

74-ஆவது திருத்தம்

இக்குறையைக் களைய வந்ததே 1993 சூன் 1-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம். ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடியும் முன்னரே அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என அது விதித்தது. மக்கள்தொகை விகிதத்திற்கேற்பப் பட்டியலினத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் இடங்களை ஒதுக்கியது. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு உரியதாக்கியது. பட்டியலினத்தவர்க்கான இடங்களிலும் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு அளித்தது.

அரசியலமைப்பு கூறியது குறைந்த அளவையே. தமிழ்நாடு 2016-இல் தன் சட்டங்களைத் திருத்திப் பெண்களுக்கான பங்கைச் சரிபாதியாக உயர்த்தியது.

காலம் தாழ்ந்த உரிமை

அவ்வாண்டு அக்டோபரில் நடைபெறவிருந்த தேர்தல் உயர்நீதிமன்ற ஆணையால் நின்றது. வழக்குகளும் வார்டு மறுவரையறையும் தொடர, ஐந்தாண்டுகளுக்கும் மேலாக நகர மன்றங்களைத் தனி அலுவலர்களே நடத்தினர். பாதி இடம் பெண்களுக்கு என்னும் சட்டம் இருந்தது. அவர்கள் அமர மன்றம் இல்லை. ஆவடி மாநகராட்சி, மன்ற உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமலேயே பிறந்தது.

2022 பிப்ரவரி 19-இல் தேர்தல் நடைபெற்றது. ஆவடியின் 48 வார்டுகளுக்கும் முதன்முறையாக மாநகராட்சி உறுப்பினர்கள் கிடைத்தனர். பட்டியலினத்தவர்க்கு ஒதுக்கப்பட்ட அதன் மேயர் பதவியைக் கு. உதயகுமார் ஏற்றார். அம்பத்தூரை உள்ளடக்கிய சென்னைக்கு ஆர். பிரியா மேயரானார், அப்பதவிக்கு வந்த முதல் பட்டியலினப் பெண் அவரே.

அரசியலமைப்புத் திருத்தம், மாநிலச் சட்டம், உரிய காலத்தில் தேர்தல் ஆகிய மூன்று படிகளில் இறங்கியே உரிமை நம் வார்டை அடைகிறது. ஒரு படி தவறினாலும் அது பாதியில் நின்றுவிடும். வென்ற பெண்ணின் இருக்கையில் அவர் கணவரோ உறவினரோ அமர்ந்து முடிவெடுத்தால், வாயில்வரை வந்த உரிமை உள்ளே நுழையாமல் திரும்புகிறது. முதலிரு படிகளைச் சட்டமியற்றுவோர் அமைப்பர். எஞ்சியவற்றைக் காப்பது விழிப்புள்ள குடிமக்களின் கடமை. இன்னும் சில ஆண்டுகளில் வாக்காளராகும் உங்களுக்கும் அதில் பங்குண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வார்டு உறுப்பினரைச் சந்தித்து, அவர் மன்றத்தில் எழுப்பிய கோரிக்கைகளைத் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.
2. ‘இடஒதுக்கீடு இருந்தும் தேர்தல் இல்லையெனில் உரிமை உண்டா?’ என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.