உழவு இயந்திரத்தின் இழுவையும் உராய்வும்

மாணவர்களே, “தொடுகைப் பரப்பளவு கூடினால் எல்லை உராய்வு விசை கூடுமா?” என்ற வினாவுக்கு “இல்லை” என விடையளிக்கப் பழகியிருப்பீர்கள். எல்லை உராய்வு விசை, தொடுகையிலுள்ள பரப்புகளின் தன்மையிலும் செவ்வன் மறுதாக்கத்திலும் மாத்திரமே தங்கியுள்ளது. விடை சரியானது. அப்படியாயின் உழவு இயந்திரத்தின் பின் ரயர் ஏன் அவ்வளவு அகலமாக உள்ளது? இவ்வினாவை ஆராய, உழவு இயந்திர இழுவைப் போட்டியை விடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி, ஓகையோ மாநிலங்களில் 1929 இல் இப்போட்டி நடைபெற்றதாகப் பதிவுகள் உள்ளன. இன்று ஐரோப்பாவிலும், குறிப்பாக நெதர்லாந்தில், இது பிரபலமானது. ஈரமாக்கி இறுக்கிய களிமண் பாதையில் ஏறத்தாழ 300 அடி (91 m) தூரத்துக்கு ஒரு சறுக்கு வண்டியை இழுக்க வேண்டும். அவ்வண்டியின் பின்புறம் சில்லுகளிலும், முன்புறம் ஓர் உலோகத் தட்டிலும் தங்கியிருக்கும். வண்டி நகர நகர அதன் மேலுள்ள பாரப்பெட்டி முன்னோக்கி வரும். அப்போது தட்டின் மீதான செவ்வன் மறுதாக்கம் அதிகரித்து, உராய்வும் அதிகரிக்கும். ஆகவே ஒவ்வொரு மீற்றரிலும் இழுப்பது கடினமாகிறது. இப்பெட்டி வருமுன்னர், பாதையோரம் நின்ற மனிதர்கள் ஒவ்வொருவராக வண்டியில் ஏறி நின்று பாரத்தைக் கூட்டினர்!

சில வகுப்புப் போட்டிகளில் ஒரே இயந்திரத்தில் பல எஞ்சின்கள் பொருத்தப்படுகின்றன. ஆயினும் எஞ்சினின் வலு எவ்வளவாயினும், மண் தாங்கக்கூடிய விசைக்கு மேல் இழுக்க முடியாது. மேலதிக வலு சில்லைச் சுழலச் செய்யும், அவ்வளவே. பாரத்தைக் கூட்டவும் வழியில்லை. ஏனெனில், சாரதி உட்பட மொத்த நிறைக்கு ஒவ்வொரு வகுப்பிலும் எல்லை உண்டு. எனவே இருக்கும் நிறையை எங்கே வைப்பது என்பதே முக்கிய வினாவாகிறது.

ஒரு கணிப்பைப் பார்ப்போம். இயந்திரத்தின் நிறை 40 000 N எனவும், முன், பின் அச்சுகளுக்கிடையேயான தூரம் 3 m எனவும் கொள்வோம். ஓய்விலுள்ளபோது முன் சில்லுகளில் 6 000 N உம், பின் சில்லுகளில் 34 000 N உம் தங்குகின்றன. சங்கிலி நிலத்திலிருந்து 0.5 m உயரத்தில் கிடையாகப் பூட்டப்பட்டுள்ளது. இயந்திரம் 30 000 N விசையுடன் சீரான வேகத்தில் இழுக்கிறது.

பின் சில்லு நிலத்தைத் தொடும் புள்ளி பற்றிச் சங்கிலி விசையின் திருப்பம் = 30 000 N × 0.5 m = 15 000 N m
முன் சில்லுகளிலிருந்து பின் சில்லுகளுக்கு மாறும் பாரம் = 15 000 N m ÷ 3 m = 5 000 N

எனவே பின் சில்லுகளின் செவ்வன் மறுதாக்கம் 39 000 N ஆகிறது. முன்னே 1 000 N மாத்திரமே எஞ்சும். இழுவை 36 000 N ஆனதும் முன் சில்லுகள் நிலத்தை விட்டு எழும்பத் தொடங்கும். அந்நிலையில் முழு நிறையும் பின் சில்லுகளில் உள்ளது. இதற்கு மேல் எழும்புவதால் எந்த இலாபமும் இல்லை. முன் சில்லுகள் தொடாதபோது சுக்கான் பயன்படாது. சாரதி இடது, வலது பின் சில்லுகளின் பிரேக்குகளைத் தனித்தனியே பயன்படுத்தித் திசையைச் சரிசெய்கிறார்.

சங்கிலியை இன்னும் உயரத்தில் பூட்டினால் கூடிய பாரம் பின்னுக்கு மாறுமே என நீங்கள் எண்ணலாம். கணிதப்படி உண்மைதான். ஆனால் உயரம் இரு மடங்கானால், பாதி இழுவையிலேயே முன்புறம் எழும்பும். இயந்திரம் பின்னோக்கிக் கவிழ்ந்து சாரதியை நசுக்கக்கூடும். இக்காரணத்தாலேயே போட்டி இயந்திரங்களின் பின்னால் கவிழ்தல் தடுப்புச் சட்டங்கள் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. வயலில் வேலை செய்யும் இயந்திரத்தில் அவை இருப்பதில்லை. புதைந்த வாகனத்தையோ மரக்குற்றியையோ இழுக்கும்போது சங்கிலியை அச்சுக்கு மேலே கட்டுவது உயிராபத்தானது. தாழ்வான இழுவைக் கொளுக்கியிலேயே கட்ட வேண்டும்.

இனி ரயருக்கு வருவோம். பரப்பளவு பற்றிய விதி, உருக்குலையாத திண்மப் பரப்புகளுக்கு நன்கு பொருந்தும். மண் அப்படிப்பட்டதன்று. ரயரின் வரம்புகள் மண்ணுள் இறங்கி, ஒரு மண் படையைப் பின்னோக்கித் தள்ளுகின்றன. அப்படை வெட்டுண்டு நகர்ந்தால் சில்லு வழுக்கும். மண் வெட்டுண்பதை எதிர்ப்பவை இரண்டு: மணிக்கைகளுக்கிடையேயான உராய்வு, மணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் தன்மை. முதலாவது நிறையில் தங்கியுள்ளது. இரண்டாவது பரப்பளவில் தங்கியுள்ளது. இதனை 18ஆம் நூற்றாண்டில் விளக்கியவர் பிரான்சியப் பொறியியலாளர் கூலோம். மின்னேற்றத்தின் அலகுக்குப் பெயர் தந்த அதே கூலோம்தான்.

உலர்ந்த மணலில் ஒட்டுந்தன்மை மிகக் குறைவு. ஆகவே அங்கு அகலத்தால் இவ்வகை நன்மை பெரிதாக இல்லை. ஈரக் களிமண்ணில் அது அதிகம். அதனாலேயே போட்டியாளர்கள் ரயரின் காற்றமுக்கத்தைக் குறைத்து, தொடுகைப் பரப்பைக் கூட்டுகின்றனர். மிகையாகக் குறைத்தால் சில்லு வட்டினுள்ளே ரயர் வழுக்கிவிடும். ரயரின் வரம்புகளை வெட்டி, விளிம்பைக் கூராக்குவதும் வழக்கம். கூரிய விளிம்பு இறுகிய களிமண்ணுள் இலகுவாக இறங்கும். சேற்று வயலில் இரு சில்லு உழவு இயந்திரத்துக்கு இரும்புக் கூட்டுச் சில்லு பூட்டுவதும் மண்ணைப் பற்றிப்பிடிப்பதற்கே.

சிறிதளவு வழுக்கலும் தேவை என்பதைக் கவனியுங்கள். மண் சற்று நசுங்கி நகர்ந்தாலே அதன் எதிர்ப்பு முழுமையாக வெளிப்படும். சாதாரண உழவில் 10% - 15% வழுக்கல் ஏற்றதெனக் கருதப்படுகிறது. அதனிலும் மிகக் கூடினால் சில்லு குழி தோண்டும்.

பரீட்சையில் வினா திண்மப் பரப்புகளைப் பற்றியதாயின் பரப்பளவை எழுத வேண்டாம். மண், சேறு எனக் குறிப்பிட்டுக் காரணம் கேட்டால் மேலுள்ள விளக்கத்தை எழுதலாம்.

பயிற்சி: மேற்கூறிய இயந்திரத்தின் முன்னால், பின் அச்சிலிருந்து 4 m தூரத்தில் தொங்கிய 450 N பாரம், பின் அச்சுக்கு நேர் மேலே மாற்றப்படுகிறது. முன் சில்லுகள் எழும்பத் தொடங்கும் இழுவை விசையைக் காண்க. (விடை: 32 400 N)