ஆலையின் ஆக்கமும் காபன் கணக்கும்

ஒரு பாடசாலையில் முப்பது மாணவர் சித்தியெய்தினர். மற்றொன்றிற் பதின்மர் சித்தியெய்தினர். இவற்றுள் எது சிறந்தது? பரீட்சைக்குத் தோற்றியோர் எத்தனை பேர் என அறியாது விடை கூறல் இயலாது. தொழிற்சாலைகள் வளிமண்டலத்திற் கலக்கும் காபனீரொட்சைட்டை மதிப்பிடும்போதும் இத்தகைய வினாவே எழுகின்றது. வெளியிட்ட வாயுவின் அளவை ஆற்றிய தொழிலின் அளவால் வகுத்துப் பெறும் எண்ணைக் காபன் செறிவு என்பர்.

சீமெந்துத் தொழிலை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் நீற்றும்போது அக்கல்லினின்றே காபனீரொட்சைட்டுப் பிரிகின்றது. சூளைக்கு இடும் எரிபொருளாலும் அவ்வாயு உண்டாகின்றது. இவ்விரண்டனுள் முன்னதே பெரும்பங்கு. எனவே எரிபொருளைச் சிக்கனப்படுத்துவது மட்டும் போதாது. உலகச் சராசரியாக ஒரு தொன் சீமெந்துக்கு ஏறத்தாழ 0.6 தொன் வாயு வெளியாகின்றது. சூளையில் வெந்த கட்டியின் ஒரு பகுதிக்கு ஈடாக அனல்மின் நிலையச் சாம்பலையோ இரும்பாலைக் கசட்டையோ கலந்தால் இச்செறிவு குறையும்.

கணக்கிற்காக இரண்டு ஆலைகளைக் கற்பனை செய்வோம். பெரிய ஆலை ஆண்டுக்கு 1,00,000 தொன் சீமெந்து செய்து 60,000 தொன் வாயுவை வெளியிடுகின்றது, செறிவு 0.6. சிறிய ஆலை 20,000 தொன் செய்து 16,000 தொன் வெளியிடுகின்றது, செறிவு 0.8. மொத்தத்தை மட்டும் நோக்கின் பெரிய ஆலையே குற்றவாளியாகத் தோன்றும். செறிவை நோக்கினால் அதுவே திறமுடையது எனத் தெளிவாகும். செறிவுக் கணக்கின் பயன் இதுவே.

ஆயினும், இக்கணக்கிலே மயக்கங்களும் உள. அதே பெரிய ஆலை செறிவை 0.5 ஆகக் குறைத்து, உற்பத்தியை 2,00,000 தொன்னாகப் பெருக்கிற்று என்க. செறிவு குறைந்தது, வாயுவோ 1,00,000 தொன்னாக உயர்ந்தது! 2009ஆம் ஆண்டிற் சீனா, தன் தேசிய உற்பத்தியின் காபன் செறிவை 2005ஆம் ஆண்டின் நிலையிலிருந்து 2020க்குள் 40 முதல் 45 சதவீதம் வரை குறைப்பதாக அறிவித்தது. அவ்விலக்கு எய்தப்பட்டது, ஆனால், அந்நாட்டின் மொத்த வெளியீடு அக்காலத்திற் பெருகியே இருந்தது.

வகுக்கும் எண்ணையும் ஆராய்தல் வேண்டும். தொன்னால் வகுக்காது விற்பனைப் பணத்தால் வகுத்தால், விலை இருமடங்காகும்போது செறிவு பாதியாகும். சூளையிலோ யாதொரு மாற்றமும் இராது. கணக்கின் எல்லையும் முக்கியமானது. 2001இல் வெளியான பைங்குடில் வாயு நெறிமுறை, வெளியீட்டை மூவகையாகப் பிரிக்கின்றது: ஆலையிலேயே எழுவது, வாங்கும் மின்சாரத்தால் எழுவது, மூலப்பொருள், போக்குவரத்து முதலியவற்றால் வேறிடத்தில் எழுவது. சூளைக்கட்டியைப் பிறரிடம் வாங்கி அரைக்கும் கம்பனி, முதல் வகையை மட்டும் காட்டுமாயின், தூய்மையானதாகவே தோன்றும்.

ஆகவே நேயர்களே, ஒரு கம்பனி தன் செறிவு குறைந்ததெனப் பறைசாற்றும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் நம் கடன். எதனால் வகுத்தீர்? எவற்றைச் சேர்த்தீர்? மொத்தம் குறைந்ததா? ஆலையின் திறத்தைச் செறிவு காட்டும்; புவியை வெப்பமாக்குவதோ வானிற் சேரும் மொத்தமே.