பழைய கைத்துப்பாக்கியும் புதிய தோட்டாவும்: ஒரு விளக்கக் குறிப்பு

விடுதலை இயக்கங்களைப் பற்றிய எழுத்துகளில் துப்பாக்கி ஏந்திய கை போற்றப்படுகின்றது. துப்பாக்கிக்குள் இடப்பட்ட தோட்டா பேசப்படுவதில்லை. 1911ஆம் ஆண்டு மணியாச்சியில் வாஞ்சிநாதன் பயன்படுத்திய பிறௌனிங் தமிழில் எத்தனையோ முறை நினைவுகூரப்பட்டுள்ளது. ஆயினும் அது பெல்ஜியத் தொழிற்சாலையொன்றின் உற்பத்திப்பொருள் என்பதும், அதற்கென அளவிட்டுச் செய்த தோட்டாவின்றி அது வெறும் இரும்பே என்பதும் கவனத்துக்கு வருவது அரிது. ஆயுதத்தை அதன் உற்பத்தி நிலைமைகளிலிருந்து பிரித்து நோக்கும் இப்பார்வை வரலாற்றறிவுக்கு ஊறு செய்வது. பழைய ஆயுதத்தைக் கையாளுவோருக்கோ உயிராபத்தானது. மௌசர் கைத்துப்பாக்கியின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்க முயல்வோம்.

1914 ஓகஸ்ட் 26ஆம் திகதி கல்கத்தாவில், றொடா என்னும் ஆயுத வணிக நிறுவனத்துக்கெனச் சுங்கத்தில் மீட்கப்பட்ட பெட்டிகளுட் பத்து, மாட்டு வண்டியொன்றில் வழிமாறிச் சென்றன. நிறுவன ஊழியரான சிறீஷ் மித்ராவே இதனை நிறைவேற்றியவர். வங்கப் புரட்சியாளர் கைக்குக் கிடைத்தவை 50 மௌசர்களும் 46,000 தோட்டாக்களும் ஆகும். முதல் எண்ணே பெரிதும் பேசப்படுவது. இரண்டாவது எண் எமது நோக்கில் முக்கியமானது. மௌசர் தோட்டாவைச் செய்யும் ஆலை புரட்சியாளர் வசம் இருக்கவில்லை. ஆதலின் அப்பெட்டிகளின் இருப்பே அத்துப்பாக்கிகளின் ஆயுளை வரையறுத்தது. 1915 செப்ரெம்பரில் பாலசோரில் ஜதீந்திரநாத் முகர்ஜியும் நான்கு தோழர்களும் பொலிசாரை எதிர்த்து நின்றதும் மௌசர்களைக் கொண்டே.

பின்னாளில் அத்தகைய துப்பாக்கிக்கு வேறு தோட்டா கிடைக்குமாயின் என்ன நேரும்? 1896இல் ஜேர்மனியில் உற்பத்தியான மௌசரின் தோட்டா 7.63 மில்லிமீற்றர். அதனை அடியொற்றியே 1930இல் சோவியத் நாட்டின் தொக்காரேவ் தோட்டா 7.62 என்னும் பெயருடன் உருவாயிற்று. புற அளவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே; ஒன்றின் இடத்தில் மற்றது நுழையும். ஆனால் தொக்காரேவ் தோட்டா இயந்திரக் கைத்துப்பாக்கிகளுக்கும் உரியதாகியது. சில நாடுகளின் இராணுவ ஆலைகள் அதில் மிக வலுவான மருந்தை இட்டன. இத்தாலியின் 1910ஆம் ஆண்டுக் கிளிசெந்தியும் இத்தகையதே. அதன் தோட்டா 9 மி.மீ. பரபெல்லத்தின் அளவினது, மருந்தோ மென்மையானது. பரபெல்லத்தை அது தாங்காது. துறைமுகத்தை அண்டிக் கொட்டாஞ்சேனையில் வாழும் எமக்கு, பெட்டியின் அளவைக் கொண்டு உள்ளடக்கத்தை மதிப்பிடலாகாது என்பது புதிய பாடமன்று.

இதன் பொறிமுறையை நோக்குவோம். வெடிமருந்து எரிந்து வாயுவாகையில் எழும் அமுக்கம் சன்னத்தை முன்னே தள்ளுகின்றது. அதே அமுக்கம் பித்தளையுறையின் வழியே பின்புறப் பூட்டியையும் தாக்குகின்றது. மௌசரில் குழலும் பூட்டியும் சிறிது தூரம் இணைந்தே பின்வாங்கிப் பின்னர் பிரிகின்றன. பின்னோடும் பூட்டியைக் குறுக்கே பொருத்திய சிறியதோர் உருக்குத் துண்டே தடுத்து நிறுத்துகின்றது. வலுமிக்க தோட்டாவினால் பூட்டி அளவுமீறிய வேகத்துடன் அத்துண்டை மோதும். சுருள்வில் தளர்ந்து, உருக்கும் தேய்ந்த நிலையில் அது முறியுமாயின், பூட்டி சுடுபவரின் முகத்தை நோக்கியே பாயும். முதல் வெடியில் தீங்கு நேராமை பாதுகாப்புக்குச் சான்றாகாது. உருக்கில் விழும் நுண்ணிய வெடிப்பு கண்ணுக்குப் புலப்படாமலே வளரக்கூடியது.

1916இல் ஜேர்மன் இராணுவம் 9 மி.மீ. தோட்டாவுக்கெனச் சில மௌசர்களைச் செய்வித்தபோது, குழப்பம் நேராதிருக்கப் பிடியில் சிவப்பு நிறத்தில் 9 என்னும் இலக்கத்தைப் பொறித்தது. ஓர் அரசின் ஒழுங்கமைப்பு வழங்கிய எச்சரிக்கை அது. ஆயுதம் அவ்வமைப்பிலிருந்து நழுவிக் கைமாறித் தலைமுறை கடக்கையில் இத்தகைய அடையாளங்கள் மறைகின்றன. ஆபத்து மட்டும் எஞ்சுகின்றது. 1983 முதல் 2009 வரை போரைக் கண்ட எமது நாட்டுக்கும் இது பொருந்தும். பழைய கைத்துப்பாக்கியொன்று வெளிப்படின், நுழையும் தோட்டாவைத் தேடிச் சுட்டுப்பார்த்தல் தகாது. துறையறிந்தோரால் செயலிழக்கச் செய்யப்பட்டு அரும்பொருளகத்தில் ஆவணமாகப் பேணப்படுவதே அதற்குரிய இடமாகும். அங்கேனும் அதன் அருகில் அதன் தோட்டாவும், இரண்டையும் உருவாக்கிய ஆலைகளின் வரலாறும் வைக்கப்படுமாயின், வீரரின் கதையோடு உழைப்பின் கதையையும் மாணவர் கற்றுக்கொள்வர்.